கறளுக்கு மேல் தகரம், தகரத்துக்கு மேல் பெயின்ற்

பழைய காருக்கு வெல்டிங் செய்யக் கொடுக்கும் பணம் கடலில் கொட்டிய பணம் என்று சொல்வோரின் தொகை பெருகிவிட்டது. விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவினர் சொல்கிறார்கள். கொழும்பில் வங்கிக் கடனில் வாகனம் எடுத்தவர்கள் சொல்கிறார்கள். அண்மையில் கனடாவிலிருந்து வந்த மருமகன் ஒருவர் என் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "மாமா, இந்தத் தகரத்துக்குக் கொட்டுற காசைச் சேர்த்திருந்தா ஒரு நல்ல கார் எடுத்திருக்கலாம்" என்றார். அன்பான பிள்ளை; அன்பினால் சொன்னதுதான். ஆனால் அது பிழையான கணக்கு. கணக்கு மட்டும் பிழைத்திருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன். இந்த எண்ணம் எங்கள் வீதிகளில் உயிர்ப்பலி வாங்கக்கூடியது.

எப்படி என்று கேட்பீர்கள். வெல்டிங் வேலை வீண்செலவு என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிட்டால், அதற்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு நாம் கெட்டிக்காரர் என்றாகிவிடும். குறைத்துக் கொடுப்பவருக்குக் குறைந்த வேலையே கிடைக்கும். அந்தக் குறைந்த வேலை கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் பட்டி தேய்த்து, பெயின்ற் அடித்து, மெழுகு பூசிப் பளபளவென்றுதான் வாகனம் கைக்கு வரும். மன்னார்த் தீவிலும், அரிப்பு, சிலாவத்துறை தொடக்கம் விடத்தல்தீவு, தேவன்பிட்டி வரையுள்ள கரையோரத்திலும் உள்ளே ஓட்டையும் வெளியே பளபளப்புமாக ஓடும் கார்களையும் வான்களையும் நான் வேண்டிய அளவு குனிந்து பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊரை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். மன்னார் ஒடுங்கி நீண்ட ஒரு தீவு. பெருநிலத்தோடு அதை இணைப்பது கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதியும் 2010இல் திறக்கப்பட்ட புதிய பாலமும். சோளகம் ஒரு பக்கத்துக் கடலின் உப்பைக் கொண்டுவரும். வாடை மற்றப் பக்கத்துக் கடலின் உப்பைக் கொண்டுவரும். பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரே உவர். அந்தத் தண்ணீரால் காரைக் கழுவிவிட்டு, உப்புப் போய்விட்டது என்று திருப்திப்படுகிறது ஊர். போதாக்குறைக்கு மீன். பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ மீன் வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, காரின் பின்பெட்டியில் வைத்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ கொண்டுபோகாத மன்னார்க்காரர் யார்? பெட்டியிலிருந்து கசியும் உப்புநீர் தளத் தகரத்தின் மடிப்புகளுக்குள் போய்த் தங்கிவிடும். மேலே காய்ந்திருக்கும்; மடிப்புக்குள் மாதக்கணக்கில் ஈரம் இருக்கும்.

கறள் என்று நாங்கள் சொல்வதை இந்தியத் தமிழர் துரு என்பர். இரும்பும் தண்ணீரும் ஒட்சிசனும் சேர்ந்தால் கறள். உப்புக் கரைந்த தண்ணீர் மின்னை எளிதில் கடத்துவதால் இந்த வேலை பல மடங்கு விரைவாக நடக்கும். கார்த் தகரத்தின் தடிப்போ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்?

இதை நம்பாதவர்கள் தலைமன்னாருக்கு நேரெதிரே கடலுக்கு அப்பால் நிற்கும் பாம்பன் பாலத்தை நினைத்துப் பார்க்கலாம். 1914இல் திறந்த அந்த ரயில் பாலத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுரண்டியும் பெயின்ற் அடித்தும் உறுப்புகளை மாற்றியும் பேணினார்கள். அப்படியிருந்தும் 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை புதிய பாலத்தின் அரிமானத் தடுப்பைப் பற்றிக் குறை சொல்லியிருந்தது. பொறியியலாளர்களும் பணமும் பெயின்ரும் தாராளமாக உள்ள ஒரு தேசத்தின் ரயில்வேக்கே இந்தப் பாடு. அதே காற்றில்தான் என் சன்னியும் நிற்கிறது.

மருமகனின் கணக்குக்கு வருவோம். 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அவ்வாண்டு டொலரின் விலை இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை பாய்ந்தது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து வருடம். இந்த ஐந்து வருடத்தில் பத்து வருடம் ஓடிய வாகனம் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்கப்பட்ட அதிசயத்தை நாடு கண்டது. கதவு திறந்த பிறகும் என்ன? சுங்கத் தீர்வை, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து அறவிடும் உற்பத்தி வரி, ஆடம்பர வரி, இவை எல்லாவற்றின் மேலும் பெறுமதி சேர் வரி 18 வீதம். யப்பானில் ஒரு கார் வாங்கும் பணத்தை அரசுக்கு மட்டும் கொடுத்துவிட்டுத்தான் இங்கே அதைத் தொடலாம். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பத்திரிகையாளனோ, பேசாலையில் ஒரு வள்ளம் வைத்திருப்பவரோ, அடம்பனில் வயல் செய்பவரோ 'வெல்டிங் காசைச் சேர்த்து' அந்தக் காரை எந்தப் பிறப்பில் வாங்குவது?

உலகம் முழுவதற்கும் பொருந்தும் இன்னொரு கணக்கும் உண்டு. பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர் 1982இல் ஒரு நூல் எழுதினார். புதிய கார் வாங்கியவர் ஆண்டுதோறும் இழக்கும் பெறுமதியோடு ஒப்பிட்டால், பழைய காரை முறையாகச் செப்பனிட்டு நெடுங்காலம் வைத்திருப்பது மலிவு என்பது அவர் வாதம். இது வெறும் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. 1990களில் எங்கள் நாட்டின் காலி நகரில் ஓர் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து, மொறிஸ் மைனருக்கான உடல் தகரங்களைச் செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிலகத்தை நடத்தினார். அதாவது, வெள்ளைக்காரனின் காருக்குக் கறள் பிடித்தால் அதற்கு ஒட்டும் தகரம் இலங்கைத் தொழிலாளியின் கையால் தயாராகிக் கப்பலேறியது. அதே நாட்டின் வடமேற்குக் கரையில் எங்களுக்குக் கிடைத்தது எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி நிமிர்த்திய தகரம்.

பீப்பாய்த் தகரத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. 1990க்குப் பின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தை மறந்தவர்கள் தமிழர்களாக இருக்க முடியாது. அந்நாளில் மன்னார்த் தீவு இராணுவத்தின் கையிலும், பெருநிலக் கரையோரத்தின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் இருந்தன. அப்பால் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. இரும்புச் சாமான் கொண்டுபோகத் தடை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிச்சும் மண்ணெண்ணெயில் ஓடின. கறள் தின்ற தளத்துக்குப் பீப்பாயும் சீற்றுத் துண்டும் ஒட்டியவர்கள், இல்லாமையிலிருந்து ஒரு தொழில்நுட்பத்தையே உண்டாக்கினார்கள். காயப்பட்டவரையும் கர்ப்பிணியையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கார்கள் ஓடின. அந்தத் தொழிலாளர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் 2009இல் போர் முடிந்தது. பாலம் வந்தது. 2015இல் தலைமன்னாருக்கு ரயிலும் திரும்பி வந்தது. தகரம் வந்தது, காஸ் வந்தது, வெல்டிங் இயந்திரம் வந்தது. வராதது பழக்கத்தின் மாற்றம் மட்டும். வேறு வழியில்லாமல் செய்த வேலையை, வழி இருக்கும்போதும் அப்படியே செய்து, தடைக்காலத்துத் தகரத்தைச் சமாதான காலத்து விலைக்கு விற்பதை எந்தத் தியாகத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

என் காரின் கதையைச் சொல்கிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில் செய்த நிசான் சன்னி. சாரதியின் காலடித் தளமும், இடப்பக்கக் கதவுகளின் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகரமும் கறள் தின்று போயிருந்தன. இந்தப் பகுதியிலுள்ள ஒரு கராஜில் விட்டேன். பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் அது ஒருவரின் குற்றம் என்றாகிவிடும், இது பலரின் வழக்கம். ரிங்கர் வேலை செய்பவர் கீழே படுத்துப் பார்த்தார். இந்தியாவில் இதனை டிங்கர் வேலை என்பர். "ஐயா, பழசை வெட்டினா வேலை கூடும். மேலால ஒரு தகரம் வச்சு ஒட்டி விடுறன், பத்து வருசத்துக்குப் பாக்க வேண்டியதில்ல" என்றார். வெட்டித்தான் ஒட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். மூன்று கிழமைக்குப் பிறகு கார் வந்தது. முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. கணக்கு, ஒரு கொப்பித் தாளின் கால்வாசியில் நான்கு சொற்களாக இருந்தது: ரிங்கரிங், பட்டி, பெயின்ற், கூலி. கீழே ஒரே தொகை, 165,000 ரூபாய். வெல்டிங்குக்கு எவ்வளவு, எத்தனை இடத்தில் ஒட்டியது, என்ன தகரம், ஒன்றும் இல்லை.

ஒரு வாடை முடிவதற்குள் பெயின்ற் கொப்பளித்தது. வேறொரு தொழிலாளியிடம் கொண்டுபோனேன். அவர் திருப்புளியின் நுனியை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது. இழுத்தபோது பட்டி பாளம் பாளமாக வந்தது. அதன் பின்னால் சுருட்டித் திணித்த பழைய நாளிதழ். ஆயுள் முழுவதும் பத்திரிகையில் எழுதியவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யார் தரப்போகிறார்கள்? தாளுக்கும் அப்பால் வெட்டப்படாத பழைய கறள் அப்படியே இருந்தது. மேலே வைத்த தகரமும் ஓரம் முழுவதும் ஒட்டப்படவில்லை. ஒரு சாணுக்கு ஒரு பொட்டு, அடுத்த சாணுக்கு இன்னொரு பொட்டு. இடையில் பட்டி.

இதில் என்ன ஆபத்து என்று தெரிய வேண்டுமானால் இந்தக் கார்கள் எப்படிச் செய்யப்பட்டவை என்பது தெரிய வேண்டும். லொறிக்கும் ஜீப்புக்கும் கீழே தனியான இரும்புச் சட்டகம் இருக்கும். உடல் அதன்மேல் இருக்கும். ஒஸ்ரின் ஏ40 சமர்செற் போன்ற பழைய கார்களும் அப்படித்தான். மொறிஸ் மைனருக்கும் சன்னிக்கும் பிற்கால யப்பான் கார்கள் அநேகமானவற்றுக்கும் அப்படியொரு சட்டகம் கிடையாது. தளமும் கதவடிப் பெட்டியும் குறுக்குப் பெட்டிகளும்தான் எலும்பு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் பிடித்திருப்பது அந்தத் தகரமே. மொறிஸ் மைனரின் பின் விற்கள் தொங்கும் இடத்தில் கறள் முற்றினால் வில் தளத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். இருக்கைப் பட்டி இறுகும் ஆணியும் இந்தத் தகரத்தில்தான் பூட்டியிருக்கிறது. மதவாச்சி வீதியில் மாடு குறுக்கே வந்து பிரேக்கை அழுத்தும் அந்த நொடியில், பட்டி தின்னர் மணத்தோடு நொறுங்கும். பட்டியும் பெயின்ரும் எதையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கறளுக்கு மேல் தகரம் ஒட்டுவது ஒன்றும் செய்யாமல் விடுவதை விடக் கேடு. இரண்டு தகரங்களுக்கு இடையில் ஈரத்துக்கு ஒரு நிரந்தர வீடு கட்டிக் கொடுக்கிறோம். வெல்டிங் சூட்டில் உட்புறத்துப் பாதுகாப்புப் பூச்சும் எரிந்துவிடும். எரிந்த இடத்தில் ஒன்றும் பூசாமல் மூடினால் உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். முறையான வேலை என்றால் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எறிய வேண்டும். கதவடிப் பெட்டியை வெட்டுவதற்கு முன் உடல் தொய்யாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டில்லாமல் வெட்டிய கார் பிறகு ஒருநாளும் கதவு சரியாகச் சாத்தாது. ஏறத்தாழ அதே தடிப்புள்ள தகரத்தை வெட்டி, மடித்து, பொருத்தி, ஓரம் முழுவதும் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். மெல்லிய தகரத்தில் குச்சி வெல்டிங் ஓட்டை போடும். காஸ் வெல்டிங் சூட்டைப் பரப்பித் தகரத்தை நெளிக்கும். கம்பி ஓடும் மிக் இயந்திரம் இருந்தால் நல்லது. பித்தளையால் ஒட்டுவது பார்வைக்கு அழகு, பாரம் தாங்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. ஒட்டிய பின் பிறைமர், மூட்டுகளில் அடைப்புப் பசை, பெட்டியின் உள்ளே மெழுகோ எண்ணெயோ. அடியிலுள்ள வடிகால் துளைகளை மன்னார் மணல் அடைத்துவிடும். அவற்றைத் திறந்துவிட வேண்டும். இவ்வளவும் செய்ய ஒரு பக்கத்துக்கே நாட்கணக்காகும். ஒருவர் முதுகு கீழே, முகம் மேலே, தீப்பொறி கழுத்துக்குள் விழ, நாகம் பூசிய தகரத்தின் புகையை மூச்சோடு இழுத்து இரவில் காய்ச்சலோடு படுத்துச் செய்யும் வேலை அது. பெற்றோல் தாங்கியைக் கழற்றாமல் பக்கத்தில் நெருப்புப் பிடிப்பவர்களும் உண்டு.

இந்த வேலைக்கு நாங்கள் கொடுப்பது என்ன? பெயின்ற் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்கிறோம். நிறத்தின் இலக்கத்தைக் கேட்கிறோம். அதற்குப் பேரம் பேசுவதில்லை. பேரமெல்லாம் கீழே படுத்திருப்பவரின் கூலியில். ஒரு நாளைக் குறை, இரண்டு நாளைக் குறை, மகளின் கலியாணத்துக்கு முன் தந்துவிடு, மடுத் திருவிழாவுக்குப் போக வேண்டும், ஓகஸ்ற் பத்தாந் திகதிக்கு வேண்டும். பிறகு தகரத்துக்குள் தாள் வந்தால் 'கள்ளன்' என்கிறோம். தாளைத் திணித்தவர் குற்றவாளிதான். நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. வெட்டுகிறேன் என்று சொல்லி வெட்டாமல் காசு வாங்கியது மோசடி. ஆயினும் பளபளப்புக்குக் காசும் பலத்துக்குப் பேரமும் என்று ஒரு சந்தையை உருவாக்கினால், அந்தச் சந்தையில் நேர்மையான தொழிலாளிதான் முதலில் பட்டினி கிடப்பார். முழுதாக வெட்டி ஒட்டுகிறேன், இவ்வளவு வரும் என்று உண்மை சொல்பவரை விட்டுவிட்டு, பாதி விலை சொல்பவரிடம் போவதைத்தான் நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன்.

பிரித்தானியாவில் வாழும் வாசகர்கள் எம்.ஓ.டி. என்ற மூன்றெழுத்தை அறிவார்கள். 1960இல் தொடங்கிய வருடாந்தப் பரிசோதனை. பரிசோதகர் காரை உயர்த்திக் கீழே நின்று தட்டிப் பார்க்கிறார். இருக்கைப் பட்டி, சில்லுத் தாங்கிகள், பிரேக் முதலியவை பூட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் பாரம் தாங்கும் தகரத்தில் கறள் முற்றியிருந்தால் கார் வீதிக்கு வர முடியாது. ஒட்டுத் தகரம் ஓரம் முழுவதும் தொடர்ச்சியாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பட்டியால் மூடியது செல்லாது. அங்கே ஒருவர் வெல்டிங்குக்குக் காசு கொடுத்தால், அந்த வேலையை மூன்றாம் ஆள் ஒருவர் பார்க்கப் போகிறார் என்பது கராஜுக்கும் தெரியும், காசு கொடுத்தவருக்கும் தெரியும்.

எங்கள் அரசு என்ன பார்க்கிறது? புகையைப் பார்க்கிறது. 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை, அதன் சான்றிதழ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம். குழாய்க்குள் கருவியை விட்டு இலக்கம் பார்த்து, காசு வாங்கி, தாள் கொடுத்துவிடுவார்கள். சாரதியின் கால் வீதியைத் தொடும் அளவுக்குத் தளம் போயிருந்தாலும் புகை நல்லதென்றால் கார் நல்லது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. தனிப்பட்ட பாவனைக்குப் பதிந்த காருக்கு அது வேண்டியதில்லை. அந்தத் தனிப்பட்ட கார்தான் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும், ஞாயிறு பூசைக்கும், பிள்ளைகளின் ரியூசனுக்கும் அயலவரையெல்லாம் ஏற்றிப் போகிறது. புதிய வாகனத்தை வரியால் எட்டாத உயரத்தில் தூக்கி வைப்பதும் அரசு. அதனால் பழைய வாகனத்தையே ஓட்டியாக வேண்டிய மக்களின் தளத்தை ஒருதரமும் குனிந்து பார்க்காததும் அதே அரசு. ஏறத்தாழ ஐந்து வருடம் இறக்குமதியை நிறுத்தியவர்களுக்கு, அந்த ஐந்து வருடமும் நாடு முழுவதும் பழைய தகரத்தில்தான் ஓடும் என்பது தெரியாதா? அதற்கென்று ஒரு திருத்த நியமம், ஒரு அடிப்பாகப் பரிசோதனை, வெல்டிங் சாமான்களுக்கு ஒரு வரிச் சலுகை எதையாவது யோசித்தார்களா?

பரிசோதனை கொண்டுவந்தால் ஏழையின் கார்தான் முதலில் வீதியிலிருந்து இறங்கும் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். பொலிஸுக்கு இன்னொரு வருமானம் என்றும் சொல்கிறார். இரண்டாவதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. முதலாவதற்குப் பதில் உண்டு: தண்டப் பணத்தோடு தொடங்க வேண்டியதில்லை. புகை பார்க்கும் அதே இடத்தில் காரை உயர்த்தி, அடிப்பாகத்தைப் பார்த்து, எங்கே போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். அந்தத் தாளோடு கராஜுக்குப் போகும் ஏழையை ஏமாற்றுவது கடினம்.

சட்டம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வணிகரின் கடமை. சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதமும், எழுதாமலே, ஒப்பந்தத்துக்குள் அடங்கும். ஆனால் நான்கு சொல் எழுதிய கால்தாளை வைத்துக்கொண்டு எந்த உத்தரவாதத்தை நிலைநாட்டுவது? ஆகவே எழுத்தில் கேளுங்கள். எங்கெங்கே வெட்டுவது, எந்தத் தடிப்புத் தகரம், வெல்டிங் கூலி தனி, பெயின்ற் தனி. வெட்டிய பழைய தகரத்தை ஒரு சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பட்டி பூசுவதற்கு முன் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்காத ஆள் இன்று யார்? அந்தப் படத்தைக் கேளுங்கள். இவற்றுக்குச் சம்மதித்தால், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

தொழிலாளி பக்கத்திலும் அரசுக்கு வேலை இருக்கிறது. வெல்டிங்குக்கும் வாகன உடல் திருத்தத்துக்கும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் ஜேர்மன் உதவியோடு ஒரு பெரிய தொழிற்பயிற்சி நிறுவனமே திறந்தார்கள். ஆனால் பேசாலையில் பதினைந்து வயதில் கராஜுக்குள் நுழைந்து, நாற்பது வயதிலும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒட்டும் மனிதருக்கு அந்தச் சான்றிதழால் ஒரு ரூபாயாவது கூடக் கிடைக்கிறதா? சான்றிதழ் வைத்திருப்பவரையும் இல்லாதவரையும் ஒரே விலைக்குப் பேரம் பேசும் ஊரில் யார் அதைப் படிக்கப் போவார்கள்?

என் காரைத் திரும்பச் செய்த அந்த இரண்டாவது தொழிலாளி சான்றிதழ் எதுவும் இல்லாதவர். நான்கு இடங்களைச் சோக்கால் குறித்துக் காட்டினார். ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கூலி எழுதினார். கூட்டினால் 210,000 ரூபாய், பெயின்ற் இல்லாமல். பெயின்ற் பற்றிக் கேட்டேன். "காசு மிச்சம் இருந்தா பிறகு அடிப்பம் ஐயா. இப்ப பிறைமரோட ஓடுங்க. எங்கயாவது கறள் வந்தா உடன கண்ணுக்குத் தெரியும்" என்றார். அதனால் என் சன்னி இப்போது வெள்ளைக் காரின் இடுப்பில் செங்கல் நிறப் பட்டைகளோடு மன்னார் நகரைச் சுற்றுகிறது. சந்தியில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அதைப் பார்த்துத்தான் கனடா மருமகன் சொன்னார், "வித்துப்போடுங்கோ மாமா" என்று. முதல் கராஜிலிருந்து வந்த பளபளப்போடு, ஒரு வாடைக்கு முன்னால், விற்றிருந்தால் நல்ல விலை போயிருக்கும். வாங்கியிருப்பவர் யார்? இந்தக் கரையிலேயே வங்காலையிலோ எருக்கலம்பிட்டியிலோ ஒரு குடும்பம். முதல்முதலாகக் கார் வாங்கும் குடும்பம். பின் இருக்கையில் மூன்று பிள்ளைகள், முன்னால் கிழவி, பின்பெட்டியில் மீன்.